பென்சில்வேனியாவில் எங்களுக்கு 40 ஏக்கர் காடு இருக்கிறது. மரத்தை வெட்டாமல் விட்டால் கார்பன் திட்டத்தில் பணம் தருவார்களாமே, உண்மையா?

உண்மைதான். ஆனால் மரம் நிற்கிறது என்பதற்காக மட்டும் பணம் வராது.

உலர்ந்த மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி கார்பன். ஒரு டன் கார்பன் மரத்தில் சேர்ந்தால், காற்றிலிருந்து சுமார் 3.67 டன் கார்பன் டை ஆக்சைடு குறைந்ததாகக் கணக்கு. இதில் அடிப்படைக் கேள்வி ஒன்றுதான்: இந்தப் பணம் வராவிட்டால் அந்த மரத்தை வெட்டியிருப்பீர்களா? யாரும் ஏறிப் போய் வெட்டவே முடியாத மலைக்காட்டைக் காட்டிக் காசு வாங்கினால் காற்றுக்கு ஒரு பயனும் இல்லை. பல திட்டங்கள் பெயர் கெட்டது இந்த இடத்தில்தான். அதனால் இதை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன்.

கலிபோர்னியா அரசின் திட்டத்தில், கிரெடிட் (ஒரு டன் கார்பன் டை ஆக்சைடு குறைந்ததற்கான, விற்கக்கூடிய சான்று) வாங்கிய பிறகு 100 ஆண்டு அந்தக் கார்பனைக் காக்க வேண்டும். அளவெடுப்பு, தணிக்கைச் செலவு வேறு. சிறு குடும்பத்துக்கு அது தாங்காது.

உங்களுக்குப் பொருந்துவது, அமெரிக்கன் ஃபாரஸ்ட் ஃபவுண்டேஷன், தி நேச்சர் கன்சர்வன்சி என்ற இரண்டு லாபநோக்கற்ற அமைப்புகள் சேர்ந்து உங்கள் மாநிலத்திலேயே தொடங்கிய குடும்பக் காடுகள் திட்டம். ஒப்பந்தம் 20 ஆண்டு. உங்கள் காட்டை, திட்டத்தில் சேராத அதே வகைக் காடுகளின் அரசுக் கணக்கெடுப்பு அளவுகளோடு ஒப்பிட்டு, கூடுதலாகச் சேர்ந்த கார்பனை மட்டும் எண்ணுவார்கள். நேர்மையான முறை. கார்பன் கிரெடிட்டுகளுக்கு விதிமுறை வகுக்கும் வெர்ரா அமைப்பு 2022-ல் இந்த முறையை ஏற்றது.

கையெழுத்திடும் முன், நிலம் கைமாறினாலோ பிள்ளைகளுக்குப் போனாலோ ஒப்பந்தம் யாரைக் கட்டுப்படுத்தும் என்று ஒரு வக்கீலிடம் கட்டாயம் கேளுங்கள்.