வெளிநாட்டு மயக்க மருந்துக்குத் தனிப் பணம் கட்டலாமா?

கேள்வி: 62 வயதாகும் என் அம்மாவுக்கு இரத்தக் கொதிப்பு உண்டு. பித்தப்பைக் கல்லுக்காக லேப்ராஸ்கோப்பி (சிறு துளை வழி அறுவை) செய்யவிருக்கிறோம். "சாதாரண மயக்க மருந்து ஞாபகத்தைக் கெடுக்கும், வெளிநாட்டு மருந்துக்குத் தனியாகப் பணம் கொடுங்கள்" என்கிறார், எங்களை அந்த மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றவர். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். அந்த மருந்தின் பெயரை எழுதித் தரச் சொல்லிப் பாருங்கள். பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

முழு மயக்கம் ஒரே மருந்தால் வருவதன்று. தூக்கத்துக்கு ஒன்று, வலிக்கு ஒன்று, தசைத் தளர்ச்சிக்கு ஒன்று என மயக்க மருத்துவர்களான நாங்கள் அளவறிந்து சேர்க்கிறோம். பால் போன்ற புரோபோஃபால் ஊசி ஒரு நிமிடத்துக்குள் தூங்க வைக்கும். பத்து நிமிடத்தில் அதன் வேகம் தணிந்துவிடுமாதலால், செவோஃப்ளூரேன் அல்லது ஐசோஃப்ளூரேன் வாயுவை மூச்சுடன் செலுத்தி, அறுவை முடியும்வரை மயக்கத்தை நீட்டிக்கிறோம். புரோபோஃபால் இரத்த அழுத்தத்தை இறக்கும் என்பதால் வயதானவர்களுக்கு அளவைக் குறைத்து மெதுவாகக் கொடுப்போம்; கீட்டமைன் என்ற மற்றொரு மயக்க மருந்து அழுத்தத்தை ஏற்றும் என்பதால் கொதிப்புள்ளவர்களுக்கு அதை நான் முதலில் எடுப்பதில்லை. இவையெல்லாம் இந்தியாவிலேயே தயாராகின்றன.

வயதானவர்கள் சிலருக்கு அறுவைக்குப் பின் சில நாள் குழப்பம் வருவதுண்டு. பெரும்பாலும் தானே தெளியும். மூக்குக் கண்ணாடியை உடனே மாட்டிவிட்டு, வீட்டார் அருகிலிருந்து பேசினால் உதவும்.

ஒன்றை மட்டும் மறைக்காதீர்கள். இரத்த உறவில் எவராவது மயக்கத்தின்போது கடுங்காய்ச்சல் கண்டு உடல் விறைத்ததாகவோ, இறந்ததாகவோ பேச்சிருந்தால், அது முப்பது ஆண்டுக்கு முந்தையதானாலும், "மருந்து ஒத்துக்கொள்ளவில்லை" என்று மட்டுமே வீட்டில் சொல்லப்பட்டிருந்தாலும், சொல்லுங்கள். அரிதான இந்தப் பரம்பரைக் கோளாறு உள்ளவர்களுக்கு மேற்சொன்ன வாயுக்களும், தசைத் தளர்ச்சிக்கான சக்சமெத்தோனியமும் உயிருக்கே ஆபத்தாகலாம். அந்த ஆபத்தை முறிக்கும் மருந்தான டான்ட்ரோலீன் எல்லா மருத்துவமனைகளிலும் இருப்பில் இராது. முன்கூட்டித் தெரிந்தால் வாயுவைத் தொடாமல், புரோபோஃபாலையே பம்ப் மூலம் தொடர்ந்து கொடுத்து முடித்துவிடுவோம்.

ஆனால் இதை யாரிடம் சொல்வது? பல இடங்களில் நோயாளியை நாங்கள் முதன்முதலில் பார்ப்பதே அறுவை மேசையில்தான். ஒப்புதல் படிவத்தில் எங்கள் பெயருக்கான இடம் வெறுமையாகவே கிடக்கும். இதை மாற்றச் சொல்லிக் கேட்டுக் கேட்டு எனக்கே சலித்துவிட்டது. அறுவைக்குச் சில நாள் முன்பே மயக்க மருத்துவரைப் பார்க்க நேரம் கேட்டு வாங்குங்கள். திட உணவும் பால் கலந்த காபியும் ஆறு மணி நேரத்துக்கு முன்பே நிற்க வேண்டும். வெறும் தண்ணீர் இரண்டு மணி நேரம் முன்வரை குடிக்கலாம். கொதிப்பு மாத்திரைகளில் எதை அன்று காலை விழுங்குவது, எதை விடுவது என்பதையும் அவரே சொல்லட்டும், அழைத்துச் சென்றவர் அல்ல.