நெட் இல்லாத லேபில் ஜியோஜீப்ரா: கேட்டவையும் பதில்களும்

தாளவாடி ஆசிரியை: மலைமேல் இருக்கிறோம், லேபில் நெட் கிடையாது. பத்து கணினியிலும் ஜியோஜீப்ரா என்ற கணித வரைபட மென்பொருளைப் போட முடியுங்களா?

தாராளமாக, டீச்சர். திம்பம் இறங்கி சத்தியமங்கலம் வரும்போது, நெட் உள்ள இடத்தில் ஜியோஜீப்ரா கிளாசிக் 5 போர்ட்டபிள் ஜிப்பை இறக்கிக்கொள்ளுங்கள். இன்ஸ்டால் செய்யவே வேண்டாம். ஃபோல்டரை டி டிரைவில் போட்டாலே ஓடும். ஆனால் ஜிப்புக்குள் இருந்தபடியே திறந்தால் ஓடாது. பலரும் தடுக்கி விழுவது இங்கேதான். முதலில் எக்ஸ்ட்ராக்ட் செய்து, கோப்புகளை ஜிப்பிலிருந்து வெளியே எடுங்கள்.

காங்கயம்: கிளாசிக் 6 புதிதாயிற்றே, அது வேண்டாமா?

2 ஜிபி ராம் உள்ள பழைய கணினிக்கு 5 போதுங்க. முப்பரிமாணப் படமும் அதில் வரும்.

அந்தியூர்: பாடநூலில் உள்ள க்யூஆர் கோடு செயல்பாடுகளை எப்படிக் காட்டுவது?

அவை இணையப் பக்கத்துக்குப் போகும். வீட்டிலேயே அந்தப் பக்கத்திலிருந்து கோப்பாக இறக்கிக் கொண்டுவாருங்கள். ஆனால் நீங்களே ஒன்று செய்து பாருங்கள் என்பேன். a என்று ஒரு ஸ்லைடர் (இழுத்தால் எண் மாறும் கோடு), கீழே y = a x². அவ்வளவுதான். பிள்ளைகள் a-வை 3-லிருந்து மெல்ல இழுக்கட்டும். பரவளையம் விரிந்துகொண்டே வரும். 0-வில் படுத்து x அச்சாகிவிடும். −1-க்குப் போனால் கவிழ்ந்து நிற்கும். "சார், கவுந்துருச்சு!" என்று அவர்களே சொல்வார்கள். கரும்பலகையில் நான்கு படம் வரைந்தாலும் அந்த நகர்வு கண்ணில் படாது.

கோபி: நேற்றுப் போட்டது இன்று காலையில் காணோம்!

ரீஸ்டார்ட் செய்தால் பழைய நிலைக்கே திருப்பிவிடும் மென்பொருள் அதில் இருக்கலாம். லேப் பொறுப்பாளரிடம் அதை நிறுத்தச் சொல்லி, காப்பி செய்தபின் மறுபடி போடச் சொல்லுங்கள்.

பொள்ளாச்சி: எங்கள் கணினிகளில் விண்டோஸ் இல்லை, பாஸ் லினக்ஸ் என்ற இயங்குதளம். ஒரு பேக்கேஜ் போட்டால் இன்னொன்றைக் கேட்கிறது.

நெட் இல்லாமல் அந்தச் சங்கிலி முடியாதுங்க. லினக்ஸுக்கும் போர்ட்டபிள் உண்டு. ஜாவா இருக்கிறதா என்று மட்டும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

பவானி: பென்டிரைவில் வைரஸ் ஏறிவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

நியாயமான பயம். ஒரு லேபில் நான்காவது கணினிக்குப் போவதற்குள் என் பென்டிரைவில் எல்லா ஃபோல்டரும் ஷார்ட்கட்டாக மாறிவிட்டது. மாலை வரை உட்கார்ந்து சுத்தம் செய்தேன். அப்புறம் டிவிடியில் எழுதித்தான் கொண்டுபோகிறேன். எழுதி மூடிய டிவிடியில் வைரஸ் ஏறாது. பழைய கணினிகளில் டிவிடி டிரைவ் பெரும்பாலும் இருக்கும். போவதற்கு முந்தின நாள் உங்கள் வீட்டுக் கணினியில் நெட்டைத் துண்டித்துவிட்டு ஒரு முறை ஓட்டிப் பாருங்கள்.