வாசகர் கேள்வி-பதில்: பழைய கமேரோவுக்கு எந்த வீல், எந்த டயர்?

கேள்வி: என்னிடம் 1969 ஷெவர்லே கமேரோ இருக்கிறது. மலைப்பாதையிலும் அவ்வப்போது டிராக்கிலும் ஓட்டுவதற்காக எஞ்சின், பிரேக், சஸ்பென்ஷன் எல்லாவற்றையும் மாற்றிக்கொண்டிருக்கிறேன். பின்னால் 275 (மி.மீ. அகல) டயர் போட ஆசை. 17 அங்குல வீலா, 18 அங்குலமா? – வாசகர், டல்லஸ்

பதில்: அதை உங்கள் பிரேக்தான் தீர்மானிக்கும். முன்னால் 13 அங்குல டிஸ்க் என்றால் பெரும்பாலும் 17 போதும். 14 அங்குல டிஸ்க் என்றால் 18 வேண்டும். விட்டம் சரியாக இருந்தாலும் காலிப்பர் (டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கும் பாகம்) வீலின் ஸ்போக்கில் இடிக்கலாம். பிரேக் நிறுவனம் தரும் அளவுப் படத்தை அட்டையில் வெட்டி வீலுக்குள் வைத்து, சுற்றிலும் குறைந்தது 3 மி.மீ. இடைவெளி இருக்கிறதா என்று பாருங்கள்.

டயரின் உயரத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. டயர் அளவில் முதல் எண் அகலம் (மி.மீ.), அடுத்தது பக்கச்சுவரின் உயரம் (அகலத்தில் சதவீதம்), கடைசி எண் வீலின் விட்டம் (அங்குலம்). 275/40 ஆர்17, 275/35 ஆர்18 இரண்டும் ஏறக்குறைய 25.6 அங்குலம்தான். 275/40 ஆர்18 மட்டும் 26.7 அங்குலம் வரும். வண்டியைத் தாழ்த்தியிருந்தால் பள்ளத்தில் இறங்கும்போது அது மேலே உரசும்.

நீங்கள் உண்மையில் கவலைப்பட வேண்டியது பேக்ஸ்பேஸிங் பற்றி. வீல் ஹப்பில் (சக்கரத்தை மாட்டும் மையப் பாகம்) உட்காரும் முகத்திலிருந்து ரிம்மின் உள்விளிம்பு வரை உள்ள தூரம் அது. 9.5 அங்குல ரிம், 5.5 அங்குல பேக்ஸ்பேஸிங் என்று வைத்துக்கொள்வோம். விளிம்புகளின் தடிமனையும் சேர்த்தால் ரிம்மின் மொத்த அகலம் சுமார் 10.5 அங்குலம். அப்படியானால் அதன் நடுக்கோடு ஹப் முகத்திலிருந்து கால் அங்குலம் உள்ளே போகிறது. 275 டயரின் வயிறு (மிக அகலமான இடம்) சுமார் 10.9 அங்குலம். எனவே டயர் ஹப் முகத்திலிருந்து உள்பக்கம் 5.7, வெளிப்பக்கம் 5.2 அங்குலம் வரை நீளும். உங்கள் வண்டியில் அதே முகத்திலிருந்து லீஃப் ஸ்பிரிங் (பின்பக்கப் பட்டை ஸ்பிரிங்) 6.25 அங்குலத்திலும் சக்கர வளைவின் விளிம்பு 5.6 அங்குலத்திலும் இருந்தால் இரண்டு பக்கமும் தப்பிக்கும். பேக்ஸ்பேஸிங்கை 5 ஆக்கினால் விளிம்பில் இடிக்கும். 6 ஆக்கினால் ஸ்பிரிங்கைத் தொடும் அளவுக்கு வந்துவிடும். அரை அங்குலத்துக்குள் முடிந்துபோகிற விஷயம் இது. இடைவெளி உள்பக்கம் அரை அங்குலம், வெளிப்பக்கம் அதைவிடச் சற்றுக் குறைவு, இதற்குக் கீழே போக வேண்டாம்.

இந்த எண்களை அப்படியே ஆர்டர் கொடுத்துவிடாதீர்கள். அந்தக் காலத்து பாடிகள் இடமும் வலமும் ஒரே அளவில் இருப்பதில்லை. ஆக்ஸிலும் நடுவில் இல்லாமல் ஒரு பக்கம் தள்ளி இருக்கும். இரண்டு பக்கமும் அளந்து, நெருக்கமான பக்கத்தைக் கணக்கில் எடுங்கள். டிரம் பிரேக்கை எடுத்துவிட்டு டிஸ்க் போட்டால் வீல் உட்காரும் முகம் வெளியே தள்ளிப்போகக்கூடும். ஆகவே சஸ்பென்ஷன், பிரேக், வண்டியின் உயரம் எல்லாம் முடிந்த பிறகுதான் அளவு எடுக்க வேண்டும். வீலைக் கடைசியில் வாங்குங்கள். ஆசைப்பட்டு முதலில் வாங்கிவிட்டு, பிறகு சக்கர வளைவை அறுப்பவர்கள் நிறைய.

முன்பக்கம் 18க்கு 8 (விட்டம், அகலம் அங்குலத்தில்) ரிம்மில் 235/40 அல்லது 245/40 போடலாம். காயில் ஸ்பிரிங்கையும் ஷாக்கையும் கழற்றிவிட்டு வீலை மாட்டுங்கள். ஸ்வே பார் (வளைவில் வண்டி சாயாமல் தடுக்கும் கம்பி) இணைந்தே இருக்கட்டும். சஸ்பென்ஷனின் கீழ்க்கையை ஜாக்கால் அடியிலிருந்து முழு உயரம் வரை தூக்கி, ஒவ்வொரு உயரத்திலும் ஸ்டியரிங்கை இரு கோடிக்கும் திருப்பிப் பாருங்கள். வெளியே ஃபெண்டர் விளிம்பு, உள்ளே சப்ஃபிரேமும் (எஞ்சினையும் முன் சஸ்பென்ஷனையும் தாங்கும் சட்டம்) ஸ்வே பாரும்தான் இடிக்கும் இடங்கள்.

பின்னால் இன்னும் அகலம் வேண்டும் என்று 315க்குப் போக நினைத்தால், உள் வீல்ஹவுஸை (சக்கரத்தை மூடும் உட்கூட்டை) வெட்டி அகலப்படுத்த வேண்டும். வளைவுகளில் ஓட்டும் வண்டிக்கு நாங்கள் அதைச் சொல்லமாட்டோம். முன்னால் 245ஐ வைத்துக்கொண்டு பின்னால் மட்டும் கூட்டினால், வளைவில் மூக்கு வெளியே தள்ளும். அந்தப் பணத்தை முன் அலைன்மென்ட்டுக்குச் செலவழியுங்கள். இன்றைய ரேடியல் டயருக்கு 4 முதல் 5 டிகிரி காஸ்டரும் (ஸ்டியரிங் அச்சின் பின்சாய்வு) அரை முதல் ஒரு டிகிரி நெகட்டிவ் கேம்பரும் (சக்கரத்தின் மேற்பகுதி உள்ளே சாய்வது) நல்ல தொடக்கம்.

கேள்வி: டயர் உயரம் மாறினால் வேகமானி தப்பாகக் காட்டுமா?

பதில்: காட்டும். டயர் சிறியதானால் உண்மை வேகத்தைவிட அதிகமாகக் காட்டும். கியர்பாக்ஸிலிருந்து வேகமானிக் கேபிளைச் சுழற்றும் சிறு பல்சக்கரத்தை மாற்றிச் சரிசெய்யலாம். எஞ்சின் வேகமும் மாறும். பின் ஆக்ஸிலின் கியர் விகிதம் 3.73, நேரடி (1:1) நான்காம் கியர், மணிக்கு 60 மைல் என்றால், 25.6 அங்குல டயரில் நிமிடத்துக்கு சுமார் 2,940 சுற்று, 26.7 அங்குல டயரில் சுமார் 2,820.

கேள்வி: பழைய தோற்றம் போகாமல் 15 அங்குலத்திலேயே இருக்க முடியாதா?

பதில்: முடியும். கமேரோவின் வேக மாடலான 1969 இசட்/28 வந்ததே 15க்கு 7 ரிம்மில், இ70-15 என்ற பழைய முறை அளவு டயரோடு. 235/60 ஆர்15 அதே 26 அங்குல உயரத்தை ஒட்டி வரும். ஆனால் பெரிய டிஸ்க் உள்ளே போகாது, இந்த அளவில் நல்ல பிடிப்புள்ள டயர்களும் குறைவு. எந்த அளவு போட்டாலும் நட்டைப் பாருங்கள். இந்த வண்டியின் ஸ்டட் (நட் ஏறும் மரைக்கம்பி) 7/16 அங்குலம், அங்குலத்துக்கு 20 மரை. தடித்த அலுமினிய வீலோ ஸ்பேஸரோ போட்ட பிறகு நட் குறைந்தது 9 சுற்று ஏறவில்லை என்றால், நீளமான ஸ்டட்டை மாற்றாமல் ஓட்ட வேண்டாம். முதல் 50 மைலுக்குப் பிறகு எல்லா நட்டையும் டார்க் ரெஞ்சால் மறுபடி சரிபார்க்க வேண்டும்.