கேளாமல் காப்பாற்றியவர்கள்

அன்புள்ள அண்ணாவுக்கு,

பாண்டிருப்பிலிருந்து எழுதுகிறேன். நானும் தம்பியும் 'சூப்பர்நேச்சுரல்' தொடரை முழுவதுமாகப் பார்த்து முடித்தோம். அன்றிலிருந்து வீட்டில் சண்டைதான். எட்டாவது சீசனில் அண்ணன் டீன் உத்தரிக்கும் தலம் என்ற மறுவுலகில் ஒரு வருடம் சிக்கியிருந்தபோது அவனுடைய தம்பி சாம் அவனைத் தேடவே இல்லை. அது துரோகம் என்பது என் கட்சி. டீன்தான் சுயநலக்காரன், தனியே இருக்கப் பயந்து தம்பியை உயிரோடு பிடித்து வைத்திருக்கிறான் என்பது தம்பியின் கட்சி. தேவதூதன் கஸ்டியல் டீன் மீது வைத்த அன்பு எத்தகையது, கடைசி அத்தியாயம் நியாயமானதா என்பவற்றிலும் எங்களுக்குள் ஒற்றுமை இல்லை. போன கிழமை பேச்சு முற்றி, "நீயும் டீனைப் போலத்தான்" என்று சொல்லிவிட்டான். அம்மா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனபோது எனக்குப் பத்து வயது, அவனுக்கு நான்கு. அவனை வளர்த்தவள் நான். இப்போது இரண்டாம் முறை உயர்தரப் பரீட்சை எழுதாமல் கட்டாருக்குப் போகப்போகிறேன் என்று நிற்கிறான். அவனுடைய கடவுச்சீட்டை ஒளித்து வைத்திருக்கிறேன்; தொலைந்துவிட்டதாகவே நினைத்துக்கொண்டிருக்கிறான். அது வேறு கதை. சாம் செய்தது சரியா, பிழையா என்று மட்டும் சொல்லுங்கள்.

---

அன்புள்ள தங்கைக்கு,

அது வேறு கதை இல்லை. இந்தத் தொடரின் மூத்தவனைப் பற்றி எழுத வேண்டுமென்று நெடுநாளாக நினைத்திருந்தேன். எங்கே தொடங்குவதென்று பிடிபடவில்லை. உங்கள் கடிதத்தில் நீங்கள் ஒதுக்கி வைத்த அந்தச் சில வரிகள்தான் என்னை எழுத உட்கார வைத்தன.

கஸ்டியலின் வழக்கை முதலில் தள்ளிவிடுவோம். அந்தத் தேவதூதன் கடைசி சீசனில் தன் அன்பைத் தன் வாயாலேயே சொல்லிவிட்டான். சொல்லப்பட்ட ஒன்றுக்குப் பொழிப்புரை எழுதுவதில் எனக்கு ஆர்வமில்லை.

தொடரைப் பார்க்காத வாசகர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். 2005 செப்டெம்பரில் தொடங்கி 2020 நவம்பரில் முடிந்த, 15 சீசன்களும் 327 அத்தியாயங்களும் கொண்ட அமெரிக்கத் தொடர் இது. பேய், பிசாசு, இரத்தக் காட்டேரி எல்லாவற்றையும் வேட்டையாடிக்கொண்டு 1967ஆம் ஆண்டு செவ்ரோலெட் இம்பாலா கார் ஒன்றில் ஊரூராகத் திரியும் டீன், சாம் என்ற இரண்டு சகோதரர்களின் கதை. 1983 நவம்பர் 2ஆம் திகதி இரவு, கைக்குழந்தை சாமின் தொட்டிலுக்கு மேலே, கூரையில் அறையப்பட்டவளாகத் தாய் மேரி எரிகிறாள். தகப்பன் ஜோன், ஆறு மாதக் குழந்தையை நான்கு வயது டீனின் கையில் கொடுத்து, தம்பியைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடு, திரும்பிப் பார்க்காதே என்கிறான். இரசிகர்கள் பதினைந்து சீசன்களையும் கிளறி டீனின் நோக்கம் என்ன, யார் யாரை அதிகம் நேசித்தார்கள் என்று வாதாடுகிறார்கள். அவனுடைய நோக்கம் முழுவதும் அந்த ஓர் இரவில் இருக்கிறது. நான்கு வயதுக் குழந்தைக்கு அன்பு எது, கட்டளை எது என்று பிரித்தறியத் தெரியாது. இரண்டும் ஒன்றாகவே உள்ளே போய், ஒன்றாகவே வளர்ந்துவிடும்.

டீனை எல்லோரும் ஜோனோடு ஒப்பிடுகிறார்கள். தகப்பனின் தோல்ச்சட்டை, தகப்பனின் கார், தகப்பனின் கோபம் என்கிறார்கள். இதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. முதலாவது சீசனில் ஓர் அத்தியாயம் வருகிறது. தகப்பன் வேட்டைக்குப் போய்விட, விடுதி அறையில் சிறுவன் டீன் தம்பிக்குச் சாப்பாடு போடுகிறான். சாம் வேறொன்றைக் கேட்டு அடம்பிடிக்க, தனக்கென்று எஞ்சியிருந்த கடைசித் தானியப் பெட்டியைத் தூக்கிக் கொடுத்துவிடுகிறான். பிறகு அறைக்குள் அடைந்திருக்க முடியாமல் சற்று நேரம் வெளியே போய் விளையாடுகிறான். அந்த இடைவெளியில் ஒரு பிசாசு சாமின் உயிரை உறிஞ்ச வந்துவிடுகிறது. ஜோன் வந்து தடுத்துவிடுகிறான். ஆனால் அதற்குப் பிறகு அப்பா தன்னைப் பார்த்த பார்வையே மாறிவிட்டது என்று வளர்ந்த டீன் சொல்கிறான். அந்தச் சிறுவனை நமது பகுதியில் எந்த வீட்டிலும் காணலாம். பெரும்பாலும் பெண்பிள்ளையாகக் காணலாம். அம்மாவுக்குப் பதிலாக நிற்கும் மூத்த அக்கா அவன். தாய்வழியாகக் குடியை எண்ணுகிற, வீடும் வளவும் பெண்பிள்ளைகளுக்குப் போகிற மட்டக்களப்பு மண்ணில், தாய் இல்லாத வீட்டின் தாயாக மூத்தவள் ஆவதை யாரும் வியந்து பார்ப்பதில்லை. பத்து வயதில் நீங்கள் அடுப்படிக்குள் போனபோதும் யாரும் வியந்திருக்க மாட்டார்கள்.

எனக்கும் ஓர் அக்கா இருக்கிறார். 1990 ஜூனில் மீண்டும் போர் மூண்டபோது மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கேயுள்ள எழுவான்கரைச் சனங்கள் ஆற்றைக் கடந்து மேற்கேயுள்ள படுவான்கரைக்குப் போனார்கள். குருமண்வெளித் துறையில் மண்டூருக்குப் போகும் தோணியில் எங்கள் இருவரையும் ஏற்றிவிட்டு, வீட்டில் தனித்துப் போன அம்மம்மாவைக் கூட்டிவர அம்மா திரும்பிப் போனார். போகும்போது அக்காவிடம் சொன்னது எனக்கு இப்போதும் கேட்கிறது: "தம்பிர கைய விட்டுடாத மகள்." மறுநாளே அம்மா அம்மம்மாவோடு மண்டூருக்கு வந்து சேர்ந்துவிட்டார். ஆனால் அந்தக் கட்டளையைத் திரும்பப் பெற வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. "இனி விடலாம், நான் வந்துவிட்டேன்" என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் அக்காவின் வாழ்க்கை வேறு விதமாகப் போயிருக்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஜோனும் அப்படி ஒரு சொல் சொல்லவில்லை. சொல்லாததோடு, இறப்பதற்குச் சற்று முன்பு மூத்தவனின் காதில், தம்பியைக் காப்பாற்று, முடியாவிட்டால் நீயே கொன்றுவிடு என்று ஓதிவிட்டுப் போகிறான். ஒரு தகப்பன் பிள்ளைக்குச் செய்யக்கூடிய கொடுமைகளில் அதைவிடப் பெரிதொன்றை அந்தத் தொடரில் எந்தப் பிசாசும் செய்யவில்லை.

இப்போது நீங்கள் கேட்காத, ஆனால் உங்களுக்குத் தேவையான இடத்துக்கு வருகிறேன். எட்டாவது சீசனை விட்டுவிடுங்கள். ஒன்பதாவதின் தொடக்கத்தைத் திரும்பப் பாருங்கள். நரகத்தின் வாயிலை அடைப்பதற்கான சோதனைகளால் உடல் சிதைந்து சாம் மருத்துவமனையில் நினைவின்றிக் கிடக்கிறான். உள்ளத்துக்குள்ளே சாவை ஏற்றுக்கொள்ளத் தயாராகிவிட்டான். தன் உடலுக்குள் இன்னொன்று குடியேறுவதைவிட இறப்பதே மேல் என்று நினைப்பவன் அவன். முன்பு லூசிபரையே உடலில் சுமந்தவன் வேறெப்படி நினைப்பான்? இது டீனுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டே, அவனைக் காப்பாற்றவென்று, கட்ரியல் என்ற தேவதூதனைத் தம்பியின் உடலுக்குள் அனுமதிக்கிறான். உடலுக்குரியவனின் சம்மதம் வேண்டுமே என்பதற்காக, அந்தத் தேவதூதன் டீனின் முகத்தோடு சாமின் மனதுக்குள் போய் ஆம் என்ற சொல்லை வாங்குகிறான். அண்ணனின் முகத்தை நம்பித்தான் தம்பி சம்மதித்தான். சில அத்தியாயங்கள் கழித்து, கட்ரியல் உள்ளே இருக்க, சாமின் அந்தக் கைகளாலேயே கெவின் என்ற பிள்ளை கொல்லப்படுகிறான்.

உண்மை தெரிந்த பிறகு சாம் ஒன்று சொல்கிறான்: நமது நிலை மாறி இருந்திருந்தால், நான் உனக்கு அப்படிச் செய்திருக்க மாட்டேன். இந்த ஒரு வாக்கியத்துக்காக இரசிகர்கள் அவனைக் கல்நெஞ்சன் என்று ஏசினார்கள். எனக்கு அந்த ஏச்சைக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது. உன் உயிரைப் பற்றிய முடிவை உன்னிடமே விட்டிருப்பேன் என்று ஒருவன் சொல்வதில் அன்பைக் காண முடியாதவர்கள், அன்பு என்றால் பிடித்து வைத்துக்கொள்வது மட்டுமே என்று பழகிவிட்டவர்கள். அந்த சீசனின் முடிவில் டீன் குத்துப்பட்டுச் சாகும்போது, அன்று சொன்னது பொய் என்று சாம் அழுகிறான். உடனே மூத்தவன் கட்சிக்காரர்கள் அந்த வரியைப் பிடித்துக்கொண்டு ஆர்ப்பரித்தார்கள். சாகும் அண்ணனைக் கையில் ஏந்திக்கொண்டு அழுகிறவன் சொன்ன ஒரு வரியைக் கொண்டு, அவன் தெளிந்த மனதோடு நிதானமாகச் சொன்னதை அழித்துவிட முடியுமா? நான் முந்திய வாக்கியத்தின் பக்கம் நிற்கிறேன், இன்றும்.

இதில் எனக்கு இவ்வளவு பிடிவாதம் இருப்பதற்குக் காரணம் உண்டு. வாலிபப் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் ஆபத்து என்ற காலத்தில் என்னைக் கொழும்புக்கு அனுப்பியவர் அக்கா. மாமா ஒருவர் வெள்ளவத்தையில் கணக்கெழுதும் வேலையும் தங்க இடமும் பார்த்திருக்கிறார் என்று சொன்னார்; நானும் நம்பிப் போனேன். வேலையும் இடமும் இருந்தன. அவற்றுக்கான பணம் வெல்லாவெளிப் பக்கத்தில் அக்காவுக்கென்று வைத்திருந்த சீதன வயலை ஈடு வைத்ததில் வந்தது என்பது மட்டும் எனக்குத் தெரியாது. சில வருடங்களுக்குப் பிறகு மாப்பிள்ளை வீட்டார் வயலைக் கேட்க, கொடுக்க வயல் இல்லாமல் அந்தச் சம்பந்தம் முறிந்தபோதுதான் தெரிந்தது. நான் ஊருக்கு ஓடிவந்து, "உன்னிடம் நான் கேட்டேனா?" என்று கத்தினேன். அக்கா குரலை உயர்த்தவில்லை. "கேட்டிருந்தா நீ மாட்டன் எண்டிருப்பாய். அதான் கேக்கல்ல" என்றார்.

டீனின் முழுத் தத்துவமும் இந்த இரண்டு வாக்கியங்களுக்குள் அடங்கும்.

அக்கா என்னைக் காப்பாற்றினார் என்பது உண்மை. என்னோடு படித்தவர்களில் பலர் இன்று இல்லை. என்னைக் கேட்காமல் தன் வாழ்க்கையை என் பெயரில் ஈடு வைத்தார் என்பதும் உண்மை. முதலாவது உண்மை இரண்டாவதை அடைத்துவிடாது. வயலின் கடனை நான் பின்னாளில் மீட்டுக்கொடுத்தேன். அந்த மற்றக் கடனைத் திருப்பிக் கொடுக்க வழியே இல்லை. கேட்காமல் தரப்பட்டதை வேண்டாம் என்று சொல்லவும் முடியாது, தாங்கவும் முடியாது. அன்று கத்தியது நியாயம் என்றே இன்றும் நினைக்கிறேன். அக்காவை நினைத்தால் தொண்டை அடைக்கிறது என்பதும் அதே அளவு மெய். உங்கள் தம்பி "நீயும் டீனைப் போலத்தான்" என்று சொன்னபோது அது வசை என்று நீங்கள் எடுத்துக்கொண்டீர்கள். அதற்குள் இருந்த நன்றியும் மூச்சுமுட்டலும் உங்களுக்குக் கேட்கவில்லை.

கடவுச்சீட்டு விடயத்தில் உங்களைக் கண்டிக்காமல் விட முடியாது. இருபது வயதுப் பிள்ளையின் கடவுச்சீட்டை ஒளித்து வைத்துவிட்டு, அது தொலைந்துவிட்டது என்று அவன் அலமாரியைக் கிளறுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். அப்படியிருந்தும், சாம் துரோகியா என்று எனக்குக் கடிதம் எழுதுகிறீர்கள். அவனை நம்ப வைத்திருப்பது உங்கள் முகம். கட்ரியல் அணிந்துகொண்டு போனதும் அந்த முகத்தைத்தான். கட்டாருக்குப் போவது புத்தியா இல்லையா என்பதில் நான் உங்கள் பக்கம். அம்மா குவைத்தில் பட்டதைக் கண்ட வீட்டில் இன்னொருவர் புறப்படுவது எனக்கும் உவப்பானதல்ல. அதை அவன் முகத்துக்கு நேரே சொல்லுங்கள், சண்டை பிடியுங்கள், அழுங்கள், அம்மாவைத் தொலைபேசியில் எடுத்துச் சொல்ல வையுங்கள். ஆனால் இன்றிரவே கடவுச்சீட்டை அவன் கையில் கொடுத்துவிட்டு, ஒளித்தது நான்தான் என்றும் சொல்லுங்கள். உங்கள் தலையில் பத்து வயதில் ஏற்றப்பட்ட பாரத்தை இறக்கிவைக்கும் உரிமை உங்களுக்கும் உண்டு, தங்கச்சி. அதை அம்மா வந்து இறக்கிவிடுவார் என்று காத்திருக்காதீர்கள்.

நீங்கள் கேட்டதற்கும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சாம் தேடியிருக்க வேண்டும். ஆனால் அமெலியா என்ற பெண்ணோடும் ஒரு நாயோடும் அவன் கழித்த அந்த வருடம்தான், யாருடைய பொறுப்பாகவும் இல்லாமல் அவன் வாழ்ந்த வருடம் என்பதையும் நினைவில் வையுங்கள். துரோகம் என்ற சொல் அதற்குப் பெரிது. கடைசி அத்தியாயத்தைப் பொறுத்தவரை, உலகத்தையே மீட்டவன் ஒரு களஞ்சியத்தில் கம்பி குத்திச் செத்தான் என்று பலர் மனமுடைந்து திட்டினார்கள். நான் அதை மதிக்கிறேன். ஏனென்றால் கம்பி நீட்டிய அந்தத் தூணோடு சாய்ந்து நிற்கும்போது டீன், நான் போகலாம் என்று நீ சொல்லு என்று தம்பியிடம் கேட்டுவிட்டு, பதிலுக்காகக் காத்து நிற்கிறான். தம்பியை இழக்கும் பயம் வந்தபோது பெரும்பாலும் தானே முடிவெடுத்துவிட்டுப் பிறகு அறிவித்தவன், அந்த முறை கேட்கிறான்.

கடைசியாக ஒன்று. உங்கள் நீண்ட கடிதத்தில் ஆடம் மில்லிகனின் பெயர் ஓரிடத்திலும் இல்லை. ஜோனுக்கு வேறொரு பெண்ணிடம் பிறந்த அந்த மூன்றாவது பிள்ளை ஐந்தாவது சீசன் முடிவில் சாமோடு சேர்ந்து நரகக் கூண்டுக்குள் விழுகிறான். ஆறாவது சீசனில் டீன் உருவெடுத்த மரணத்திடமே போய்க் கேட்க, இருவரில் ஒருவரைத்தான் மீட்டுத் தருவேன், யார் வேண்டும் என்று அது கேட்க, டீன் தயங்காமல் சாம் என்கிறான். அதன்பின் பதினைந்தாவது சீசன் வரை ஆடம் அந்தக் கூண்டிலேயே கிடந்தான். அண்ணன்மார் இருவரும் அவனை மீட்க ஒரு முறையும் இறங்கவில்லை. உங்கள் ஊர்த் திரௌபதை அம்மன் கோயிலின் தீமிதித் திருவிழாவான தீப்பள்ளயத்தில் பாண்டவர் ஐவரின் வனவாசத்தைக் கண்டு வளர்ந்தவர் நீங்கள். ஐவருக்கும் மூத்தவன் ஒருவன் இருந்ததை உங்களுக்கு நான் சொல்லித்தரத் தேவையில்லை. கர்ணன் போர்க் கூத்தில் குந்தி வரம் கேட்டு வரும் கட்டத்தில் களரியைச் சுற்றியிருந்த பெண்கள் விம்மியதை நான் பார்த்திருக்கிறேன். ஆடமுக்காக அப்படி விம்மிய ஓர் இரசிகரை இன்னும் காணவில்லை. இவ்வளவு பேசப்பட்ட சகோதர பாசத்துக்குள் அவனுக்கு ஏன் இடமில்லாமல் போனது என்று உங்கள் தம்பியை எனக்கு எழுதச் சொல்லுங்கள். அவனே எழுதட்டும், நீங்கள் பார்த்துத் திருத்திக் கொடுக்க வேண்டாம்.

அன்புடன்,
அண்ணா