"அவர் எப்போ வருவார்?"

வணக்கம் சார்,

வானொலியைப் பற்றி நீங்கள் அவ்வப்போது எழுதுவதால் இதை உங்களிடம் கேட்கலாம் என்று தோன்றியது. ஞாயிறு காலையில் நான் தவறாமல் கேட்கும் பழைய பாடல் நிகழ்ச்சி ஒன்று உண்டு. பல வருடங்களாக ஒரே அறிவிப்பாளர். போன மாதம் ஒரு ஞாயிறு ரேடியோவைப் போட்டால் வேறு குரல். "இன்று அவருக்குப் பதிலாக நான்" என்று ஒரு வரி, உடனே பாட்டு. ஏன், எத்தனை வாரம், ஒன்றும் சொல்லவில்லை.

எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. நிலையத்தின் வாட்ஸ்அப் எண்ணுக்கு, "இந்தக் குரலைக் கேட்பதற்கு வானொலியை அணைத்துவிடலாம்" என்று அனுப்பினேன். அடுத்த வாரம் அந்தப் புதியவர், தனக்கு வந்த செய்திகளில் சிலவற்றை நிகழ்ச்சியிலேயே படித்தார். "பாதிப் பேர் என்னைத் திட்டியிருக்கிறீர்கள், பரவாயில்லை, பாட்டாவது கேளுங்கள்" என்று சிரித்தார். என்னுடையதைப் படிக்கவில்லை. படித்திருந்தால்கூட இவ்வளவு உறுத்தியிருக்காது. அப்புறம் ஓர் அம்மா போனில் வந்தார். "நீங்க நல்லாத்தான் பண்றீங்க தம்பி, ஆனா அவர் எப்போ வருவார்?" என்று கேட்டார். "எனக்கும் தெரியாதும்மா" என்றார் இவர்.

நான்கு வாரம் கழித்துப் பழையவர் வந்துவிட்டார். சந்தோஷம்தான். ஆனால் ஒன்றைக் கவனித்தேன். புதியவர் பாட்டை முடியும் வரை விட்டார். பழையவர் கடைசிச் சரணத்திலேயே பேச வந்துவிடுகிறார். இத்தனை வருடமாக எனக்கு அது தெரியவே இல்லை. நேயர்கள் ஏன் இப்படி எகிறுகிறோம்? நான் அவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டுமா?

கே.

அன்புள்ள கே.,

"ஏன், எத்தனை வாரம், ஒன்றும் சொல்லவில்லை" என்று போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்ட வரி அதுதான். உங்கள் கோபம் நியாயமான கோபம். போய்ச் சேர்ந்த முகவரிதான் தப்பு. எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்பார்களே, அந்தக் கதை. "எனக்கும் தெரியாதும்மா" என்று அவர் சொன்னதைப் பார்த்தால் அம்புக்கே எங்கே போகிறோம் என்று சொல்லவில்லை போலிருக்கிறது.

இந்த விஷயத்தில் எனக்கு எப்போதும் நினைவுக்கு வருவது 1945ல் நியூயார்க்கில் நடந்த ஒரு சம்பவம். ஜூன் மாதக் கடைசியில் பத்திரிகை விநியோகத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். இரண்டு வாரத்துக்கும் மேலாகப் பெரும்பாலான நாளிதழ்கள் வீடுகளுக்குப் போகவில்லை. ஞாயிறு இதழோடு வரும் சித்திரக் கதைகளும் நின்றுபோயின. அப்போது மேயர் ஃபியோரெல்லோ லா கார்டியா. நகரத்தின் சொந்த வானொலியான டபிள்யூஎன்ஒய்சியில் ஒவ்வொரு ஞாயிறும் அவர் மக்களோடு பேசுவது வழக்கம். அந்த நேரத்தில் மனிதர் உட்கார்ந்து, குழந்தைகளுக்கு டிக் ட்ரேசி துப்பறியும் சித்திரக் கதையை வாசித்துக் காட்டினார். கட்டத்துக்குக் கட்டம் படத்தில் என்ன இருக்கிறது என்று விவரித்தார். குரலை ஏற்றி இறக்கி, கையை ஆட்டி, கதை சொன்னார். அவர் வாசிப்பதைப் படமெடுத்தும் வைத்திருக்கிறார்கள். லா கார்டியாவைப் பற்றிப் பேசுகிறவர்கள் இன்றும் விடாமல் சொல்கிற சம்பவம் இது.

சித்திரக் கதைக்குப் பதிலாகக் குரல்! யோசித்தால் இதைவிடப் பொருத்தமில்லாத பதில் ஆள் கிடையாது. இருந்தும் அது எடுபட்டது. பேப்பர் ஏன் வரவில்லை என்பது கேட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் தெரியும், அதனால்தான் எடுபட்டது என்பது என் கணிப்பு. இவர் பேப்பராக நடிக்கவும் இல்லை. அது திரும்ப வரும்வரை ஒப்பேற்றுகிறார், அவ்வளவுதான்.

அதே வேலைநிறுத்தத்தின்போது பெர்னார்ட் பெரல்சன் என்ற ஆய்வாளர், பேப்பர் இல்லாமல் உங்களுக்கு எது குறைகிறது என்று வாசகர்களிடம் கேட்டுப் பார்த்தார். 1949ல் அது கட்டுரையாக வந்தது. உலகத்தில் என்ன நடக்கிறது என்று தெரியாமல் இருக்க முடியுமா என்றுதான் முதலில் பெரும்பாலோர் சொன்னார்கள். சரி, குறிப்பாக எந்தச் செய்தியைத் தெரிந்துகொள்ள முடியாமல் போயிற்று என்று கேட்டபோது நிறையப் பேரிடம் பதில் இல்லை. பலருக்குக் குறைந்தது அந்த நேரத்தில் பேப்பரைக் கையில் எடுத்துப் படிக்கிற பழக்கம்.

உங்கள் நான்கு ஞாயிறுகளையும் அப்படிக் கேட்டுப் பாருங்கள். பாடல்கள் அதே காலத்துப் பாடல்கள். நிகழ்ச்சி அதே நேரத்துக்குத் தொடங்கி அதே நேரத்துக்கு முடிந்தது. தயாரிப்பாளரும் அநேகமாக அதே ஆள்தான். குறைந்தது என்ன என்று எழுதச் சொன்னால் சின்னப் பட்டியல்தான் வரும். ஆனால் அந்தச் சின்னப் பட்டியலுக்காகத்தான் ரேடியோவையே போடுகிறோம் என்பதும் உண்மை. "குரல்தானே மாறியது, இதில் என்ன இருக்கிறது" என்று சொல்கிற நிர்வாகிகளிடம் எனக்குப் பொறுமை கிடையாது. முகம் பார்க்காமல் வருடக்கணக்காக ஒருவரோடு காலையில் உட்கார்ந்திருக்கிறோம். நமக்கு அவர் என்றால் அந்தக் குரல்தான்.

வார இறுதி என்பதால் இது இன்னும் கூடுகிறது. வாரநாள் வானொலி ஓட்டத்துக்கு நடுவில் காதில் விழுவது. குளிக்கப் போகும்போது பாதி, வண்டியில் மீதி. நேரமாகிவிட்டதா, எந்தச் சாலையில் நெரிசல் என்று தெரிந்தால் போதும், யார் பேசினால் என்ன? ஞாயிறு அப்படியில்லை. எங்கும் ஓட வேண்டாத ஒரு காலையில், வேண்டும் என்றே உட்கார்ந்து கேட்கிறோம். அதோடு வாரம் ஒருமுறைதான். ஒரு ஞாயிறு பிசகினால் அடுத்த வாய்ப்புக்கு ஏழு நாள் காத்திருக்க வேண்டும். தினசரி நிகழ்ச்சிக்குப் பதிலாள் வந்தால் ஒரே வாரத்தில் ஐந்தாறு முறை கேட்டுப் பழகிவிடுவோம். ஞாயிறு நிகழ்ச்சிக்கு வந்தவர் அத்தனை முறை காதில் விழ ஒன்றரை மாதம் ஆகும். அதற்குள் அவர் போயே போய்விடுவார்!

பதிலுக்கு வருகிறவர் பக்கத்திலிருந்தும் கொஞ்சம் பாருங்கள். பாட்டின் தொடக்க இசைமேல் பேசுவது அறிவிப்பாளர்களின் பழைய வித்தை. பாடகர் வாயைத் திறக்கும் நொடிக்கு முந்தி பேச்சு முடிந்திருக்க வேண்டும். பதினெட்டு நொடி முன்னிசை என்றால் பதினேழில் நிறுத்த வேண்டும். கையில் கடிகாரம் ஓடும், காதில் ஹெட்போனில் இசை ஓடும், வாய் நேயரின் கடிதத்தைப் படித்துக்கொண்டிருக்கும். வருடக்கணக்காக அதே பாடல்களைப் போட்டவருக்கு எந்தப் பாட்டில் எங்கே குரல் வரும் என்று உடம்புக்கே தெரியும். புதியவருக்குத் திரையில் தெரியும் எண்தான் கதி. அதனால் இரண்டு நொடி முன்னாலேயே பயந்து நிறுத்துவார், இல்லாவிட்டால் பல்லவியின் முதல் சொல்லை மிதித்துவிடுவார். நமக்கு அது இன்னதென்று சொல்லத் தெரியாது. "என்னமோ சரியில்லை" என்று மட்டும் படும். உடனே போனை எடுத்து "இந்தக் குரல்" என்று தட்டுகிறோம். உங்கள் ஆள் பாட்டை முடியும் வரை விட்டது ரசனையாலும் இருக்கலாம், எங்கே குறுக்கிடுவது என்ற தயக்கத்தாலும் இருக்கலாம். எதனால் என்றாலும் உங்களுக்கு லாபம்தான்.

அவருக்கு இன்னொரு பொறியும் உண்டு. பழையவர் மாதிரியே செய்தால் நகல் என்பார்கள், வேறு மாதிரி செய்தால் நிகழ்ச்சியைக் கெடுத்துவிட்டார் என்பார்கள். இரண்டில் எது பரவாயில்லை என்று கேட்டால் நான் யோசிக்காமல் இரண்டாவதைச் சொல்வேன். இலங்கை வானொலியின் கே.எஸ். ராஜாவுடைய வேகம் அவருடைய வேகம். இன்னொருவர் அதை எடுத்துப் போட்டுக்கொண்டால் மிமிக்ரி ஆகிவிடும், மிமிக்ரியை எத்தனை ஞாயிறு கேட்க முடியும்?

சொல்லாமல் மறைப்பதன் விலை என்ன என்பதற்கு பிபிசி ரேடியோ 2ல் நடந்ததைப் பார்க்கலாம். அறுபதுகளின் பாடல்களுக்கான சனிக்கிழமைக் காலை நிகழ்ச்சியை 1990 முதல் நடத்தியவர் பிரையன் மேத்யூ. 2016 கடைசியில் உடல்நலக் குறைவால் வர முடியவில்லை. அவர் இடத்தில் உட்கார்ந்தவர் டிம் ரைஸ். மூன்று ஆஸ்கர் வாங்கிய பாடலாசிரியர், போதாக்குறைக்கு பிரிட்டனின் ஹிட் பாடல்களைப் பட்டியலிட்ட நூலைத் தொகுத்தவர்களில் ஒருவர். தகுதியில் குறை சொல்ல இடமே இல்லை. பெரிய கொந்தளிப்பு வந்தது 2017 ஜனவரியில். இரு தரப்பும் பேசி முடிவெடுத்தபடி மேத்யூ நிகழ்ச்சியிலிருந்து விலகுகிறார் என்று பிபிசி அறிவித்தது. மேத்யூவோ அப்படியெல்லாம் இல்லை, நான் திரும்பி வரத் தயாராக இருந்தேன் என்று பத்திரிகையிடம் சொல்லிவிட்டார். அப்புறம் கேட்க வேண்டுமா? பிப்ரவரி 25 அன்று அவரை வைத்தே விடைபெறும் நிகழ்ச்சி ஒன்றை ஒலிபரப்பினார்கள். ஏப்ரல் 8 அன்று, 88 வயதில், அவர் இறந்துபோனார்.

மார்ச்சில் அந்த இடத்துக்கு வந்தவர் டோனி பிளாக்பர்ன். 1967ல் ரேடியோ 1 தொடங்கிய அன்று அதன் முதல் நிகழ்ச்சியை நடத்தியவர் அவர், அறுபதுகளுக்கு அவரைவிடப் பொருத்தமான ஆள் யார்? ஆனால் அவர் வந்த அதே வாரம் நிகழ்ச்சியைக் காலை எட்டு மணியிலிருந்து ஆறு மணிக்கு மாற்றினார்கள். அறுபதுகளில் இளைஞர்களாக இருந்தவர்களைச் சனிக்கிழமை விடியலில் எழுப்பிவிட்டு, புதியவரை நன்றாக வரவேற்க வேண்டும் என்றால் எப்படி? நேரத்தை மாற்றியது நிர்வாகம், ஆனால் ஆறு மணிக்குக் காதில் விழுவது பிளாக்பர்னின் குரல்.

இதோடு கிர்ஸ்டி யங் விலகியதை ஒப்பிடுங்கள். தனித்தீவுக்கு எந்த எட்டு இசைத்தட்டுகளைக் கொண்டுபோவீர்கள் என்று விருந்தினரைக் கேட்கும் நிகழ்ச்சி பிபிசியில் 1942 தொடங்கி நடக்கிறதே, இப்போது ரேடியோ 4ல் வருகிறதே, அதை 2006லிருந்து நடத்தியவர். 2018ல் ஃபைப்ரோமயால்ஜியா என்ற வலி நோயால் ஓய்வெடுக்கிறேன் என்று வெளிப்படையாகச் சொன்னார். லாரன் லாவர்ன் தற்காலிகமாக வந்தார். ஆழமாகக் கேட்கத் தெரியவில்லை என்று அவரையும் குறை சொன்னார்கள். ஆனால் அந்தக் குறை அவர் கேட்ட கேள்விகளைப் பற்றியது. யங்கை எங்கே ஒளித்து வைத்திருக்கிறீர்கள் என்று லாவர்னிடம் யாரும் கேட்க வேண்டியிருக்கவில்லை. 2019ல் யங் இனி வரமாட்டேன் என்றதும் அந்த இடம் லாவர்னுக்கே போனது.

எல்லா நிலையமும் நோய் விவரத்தை ஒலிபரப்ப வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அது அந்த அறிவிப்பாளரின் சொந்த விஷயம். "விடுப்பில் இருக்கிறார், நான்கு வாரத்தில் வருவார்" என்றால் போதும். தேதி தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லலாம். அதைக்கூடச் சொல்லாதபோதுதான், ஆளை மாற்றப் பார்க்கிறார்கள், இவரைக் காட்டி நம்மைப் பழக்குகிறார்கள் என்ற சந்தேகம் வருகிறது. அந்தச் சந்தேகம் சில சமயம் சரியாகவும் இருந்துவிடுகிறது, அதுதான் சிக்கல்.

ஆகவே முதல் வாரம் வரும் வசவுகளை நிலையம் படித்துவிட்டு ஓரமாக வைக்கலாம். அவையெல்லாம் அன்று வராதவருக்கு எழுதிய கடிதங்கள், கைக்குக் கிடைத்தவர் பெயரைப் போட்டு அனுப்பியிருக்கிறோம். மூன்றாவது வாரமும் புகார் வந்தால், அதில் குறிப்பாக ஏதாவது இருந்தால், அது வந்தவரைப் பற்றியது. பாட்டுக்கு நடுவில் பேசுகிறார், இசையமைப்பாளர் பெயரைத் தப்பாகச் சொல்கிறார், போனில் வந்தவரைப் பேச விடவில்லை என்று வருவதையெல்லாம் தயாரிப்பாளர் உட்கார்ந்து படிக்க வேண்டும்.

மன்னிப்பு எதற்கு? ஒலிவாங்கி முன் உட்காருகிறவர்களுக்கு இதெல்லாம் வாரச் சம்பளத்தோடு சேர்ந்து வருவது. அவர் சிரித்த விதத்தைப் பார்த்தால் தோல் தடித்த மனிதர்தான். நீங்கள் அனுப்ப வேண்டிய செய்தி வேறு, அதுவும் அவருக்கு அல்ல, நிலையத்துக்கு. புதியவர் முழுதாக விட்ட பாடல்களில் ஒன்றையாவது பெயர் சொல்லி, அதன் கடைசிச் சரணத்தை அன்றுதான் கேட்டேன் என்று எழுதுங்கள். பழையவர் காதுக்கும் அது போகும். கொஞ்சம் கோபித்துக்கொள்வார், கோபித்துக்கொள்ளட்டும். அடுத்த முறை விடுப்பு எடுத்தால் எத்தனை வாரம் என்று முதல் ஞாயிறே சொல்லச் சொல்லியும் ஒரு வரி சேருங்கள். போன் செய்த அந்த அம்மாவுக்கும் அதுதானே வேண்டியிருந்தது.