வெளிநாட்டு ஊழியப் பயணம்: கிளம்புவதற்கு முன் வந்த கேள்விகள்

சபை சார்பாக வெளிநாட்டுக்கு ஊழியம் செய்யப் போக இந்த வருடம் பெயர் கொடுத்தவர்கள், கொடுக்கலாமா என்று யோசிக்கிறவர்கள், பிள்ளையை அனுப்பப் பயப்படும் அம்மாக்கள் என்று எங்கள் சேகரத்தில், அதாவது எங்கள் வட்டாரச் சபைகளில், பலரும் கேள்வி எழுதிக் கொடுத்திருந்தார்கள். நான் ஓய்வுபெற்ற நர்ஸ். மருத்துவக் குழுக்களோடு கென்யா, நேபாளம் பக்கம் போய் வருகிறவள். ஒரே மாதிரி இருந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

அக்கா, பத்து நாளில் போய் என்ன சாதித்துவிட முடியும்? (காட்பாடி தம்பி ஒருவர்)

சாதிக்கிற எண்ணத்தோடு போனால் ஒன்றும் முடியாது தம்பி. வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியை ஆரம்பித்த ஐடா ஸ்கடர் அம்மா கதை நம் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் அதில் ஒரு இடத்தை நாம் வேகமாகத் தாண்டிவிடுகிறோம். 1890-ல் அவர் திண்டிவனத்துக்கு வந்தது ஊழியத்துக்காக இல்லை. உடம்பு சரியில்லாத அம்மாவைப் பார்த்துக்கொள்ள வந்தார். கொஞ்ச நாளில் அமெரிக்காவுக்குத் திரும்பிவிடுவதாகத்தான் திட்டம். ஒரே இரவில் மூன்று வீடுகளிலிருந்து பிரசவத்துக்கு உதவி கேட்டு வந்தார்கள். அவருடைய அப்பா டாக்டர்தான், ஆனால் ஆண் டாக்டரை உள்ளே விட மாட்டார்கள். இவருக்கோ மருத்துவம் தெரியாது. மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். அந்தத் தடவை அவர் யாரையும் காப்பாற்றவில்லை என்பதுதான் உண்மை. திரும்பிப் போய்ப் படித்து, 1899-ல் பட்டம் வாங்கி, 1900-ல் வேலூரில் வேலையை ஆரம்பித்தார்.

அதனால் பத்து நாளில் உங்கள் வேலை இவ்வளவுதான்: அங்கே யார் ஏற்கெனவே உழைக்கிறார்கள், அவர்களுக்கு என்ன குறை, நமக்கு என்ன தெரியவில்லை என்று பார்த்து வருவது. உள்ளூர் ஊழியர் கேட்கிற வேலையைச் செய்யுங்கள். நாற்காலி போடச் சொன்னால் நாற்காலி போடுங்கள். 'நாங்க ஒரு புரோகிராம் கொண்டுவந்திருக்கோம்' என்று பெட்டியைத் திறக்காதீர்கள்.

ஒருவருக்கு ஒன்றரை லட்சம் ஆகும் என்கிறார்கள். அந்தப் பணத்தை அப்படியே அங்கே அனுப்பிவிட்டால் நல்லதில்லையா? (குடியாத்தம், கமிட்டி பொருளாளர்)

சில வேலைக்கு அதுதான் நல்லது ஐயா. கோயில் சுவருக்குப் பெயிண்ட் அடிக்கவும் கிணறு வெட்டவும் நாம் விமானம் ஏறத் தேவையில்லை. அங்கேயும் பெயிண்டர் இருக்கிறார், அவருக்கும் கூலி வேண்டும். ஞாயிறு பள்ளி ஆசிரியர்களுக்குப் பயிற்சி, கிராம சுகாதாரப் பணியாளர்களுக்கு வகுப்பு, இப்படி ஆள் நேரில் இருந்தால்தான் நடக்கும் என்கிற வேலைக்குப் போகலாம்.

அனுப்புகிற பணம் வங்கி வழியாக, பான் எண்ணோடு, அந்தச் சபையின் கணக்குக்குப் போகட்டும். ஊழியரின் சொந்தக் கணக்கு வேண்டாம், அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும். கையில் வெளிநாட்டு நோட்டாக ஒருவர் ஒரு பயணத்துக்கு 3000 டாலர் வரைதான் கொண்டுபோகலாம். 'ஏழைப் பிள்ளைகளுக்குக் கொடுங்க' என்று நம் ஊர்ப் பாட்டிமார் கவரில் வைத்துத் தருவதையும் தெருவில் நின்று பிரித்துக் கொடுக்காதீர்கள். அங்கே கமிட்டியிடம் கொடுத்து ரசீது வாங்குங்கள்.

இமிக்ரேஷனில் 'சுற்றிப் பார்க்க வந்தோம்' என்று சொன்னால் போதுமென்று ஒரு பிரதர் சொன்னார். சொல்லலாமா? (ராணிப்பேட்டை)

கூடாது. பொய் சொல்லி நுழைந்து சாட்சி சொல்வது எப்படி? நாம் மாட்டிக்கொண்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள், அவ்வளவுதான். அழைத்த சபைதான் அதற்கப்புறம் வருஷக்கணக்கில் பதில் சொல்லிக்கொண்டிருக்கும். எந்த அனுமதியில் வரவேண்டும், அதில் பிரசங்கம் செய்யலாமா, வகுப்பு எடுக்கலாமா என்று அழைக்கிறவர்களிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கென்யாவுக்கு 2024 ஜனவரியிலிருந்து கிளம்பும் முன்பே இணையத்தில் பயண அனுமதி எடுக்க வேண்டும்.

நேபாளத்துக்கு நமக்கு விசா வேண்டாம். விமானத்தில் போகப் பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை போதும். 15 வயதிலிருந்து 65 வயது வரை உள்ளவர்களுக்கு ஆதார் செல்லாது. விசா இல்லை என்பதால் கட்டுப்பாடும் இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். 2015 அரசியல் சாசனமே மதமாற்றத்தைத் தடை செய்கிறது. 2018-ல் நடைமுறைக்கு வந்த குற்றவியல் சட்டத்தின் 158-வது பிரிவில் ஐந்து வருடம் வரை சிறை, 50,000 நேபாள ரூபாய் வரை அபராதம். வெளிநாட்டவரானால் தண்டனை முடிந்ததும் நாட்டை விட்டு அனுப்புவார்கள். சபைக்குள் விசுவாசிகளோடு ஆராதனையில் உட்காருவது ஒன்று, பஸ் ஸ்டாண்டில் கைப்பிரதி கொடுப்பது வேறு. இரண்டாவதைச் செய்யவே செய்யாதீர்கள். இன்னொன்று, அங்கே பெரும்பாலான சபைகள் சனிக்கிழமைதான் கூடுகின்றன. ஞாயிற்றுக்கிழமை போய் நின்றால் கதவு பூட்டியிருக்கும்.

என்னென்ன ஊசி போட வேண்டும்? (சத்துவாச்சாரி)

கென்யா, உகாண்டா போகிறவர்களுக்கு மஞ்சள் காய்ச்சல் ஊசி கட்டாயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்துக் கிளினிக்கில் போட்டுக்கொள்ள முடியாது. அரசு அங்கீகாரம் பெற்ற மையத்துக்குத்தான் போக வேண்டும். சென்னையில் கிண்டி கிங் நிலையத்தில் போடுகிறார்கள். முன்பதிவு செய்துவிட்டுப் பாஸ்போர்ட்டோடு போங்கள். போட்டுப் பத்து நாள் ஆன பிறகுதான் சான்றிதழ் செல்லும். 2016-லிருந்து அது ஆயுளுக்கும் செல்லும். அந்தச் சான்றிதழான மஞ்சள் புத்தகம் இல்லாமல் திரும்பி வந்தால் நம் விமான நிலையத்திலேயே ஆறு நாள் வரை தனிமைப்படுத்துவார்கள். 60 வயதைத் தாண்டியவர்கள், முட்டை அலர்ஜி உள்ளவர்கள், கர்ப்பிணிகள் முதலில் டாக்டரிடம் பேசுங்கள்.

மலேரியாவுக்கு ஊசியை நம்பாதீர்கள், மாத்திரைதான். வீட்டில் கிடக்கும் குளோரோகுயின் ஆப்பிரிக்க மலேரியாவுக்குக் கேட்காது. டாக்ஸிசைக்ளின் என்றால் கிளம்புவதற்கு ஓரிரு நாள் முன்பே ஆரம்பித்து, தினமும் போட்டு, திரும்பி வந்தும் நான்கு வாரம் தொடர வேண்டும். சாப்பிட்ட பின் நிறையத் தண்ணீரோடு போட்டுக்கொண்டு, உடனே படுக்காமல் இருங்கள். எந்த மாத்திரை உங்களுக்கு ஒத்துவரும் என்பதை டாக்டர் சொல்லட்டும். கொசுவலையையும் விடாதீர்கள்.

நான் நர்சிங் மூன்றாம் வருடம். அங்கே முகாமில் நோயாளிகளைப் பார்க்கலாமா அக்கா?

இங்கே எதைத் தனியாகச் செய்ய உனக்கு அனுமதி இல்லையோ, அதை அங்கேயும் செய்யாதே. முழு டாக்டராக இருந்தாலும் அந்த நாட்டு கவுன்சிலின் தற்காலிகப் பதிவு இல்லாமல் வைத்தியம் பார்க்கக் கூடாது.

ஒன்று சொல்கிறேன். மேற்கு கென்யாவில் ஒரு முகாம். வரிசையில் வந்த பாட்டி துணி முடிச்சை அவிழ்த்து மேஜையில் கொட்டினார். உள்ளே பிரஷர் மாத்திரை அட்டைகள். வேறு வேறு குழுக்கள் வேறு வேறு வருடங்களில் கொடுத்தவை. சிலவற்றில் பெயர் இருக்கும் மூலை கிழிந்து போயிருந்தது. தலை சுற்றும்போது எந்த நிறம் கைக்கு வருகிறதோ அதைப் போட்டுக்கொள்வாராம். ஒரு மாத மாத்திரையைக் கொடுத்துவிட்டுப் போட்டோ எடுத்துக்கொண்டு போனவர்கள் எல்லாரும் நல்லவர்கள்தான். இரண்டாம் மாதம் யார் கொடுப்பார் என்று ஒருவரும் கேட்கவில்லை. அன்றைக்கு நாங்கள் செய்த உருப்படியான காரியம், அந்த ஊர் சுகாதார நிலையத்து நர்ஸைப் பக்கத்தில் உட்கார வைத்து, பாட்டியின் பெயரை அந்த நர்ஸின் நோட்டில் ஏற்றியது. அந்த அட்டைகளையும் அவரே வாங்கி வைத்துக்கொண்டார்.

நீ போய் அப்படிப்பட்ட உள்ளூர் நர்ஸிடம் வேலை கற்றுக்கொள். பிரஷர் பார்த்துக் கொடு, நோட்டில் எழுது, குழந்தைகளை எடை போடு. போதும்.

சாப்பாடு? (ஆம்பூர்)

பிரியாணி கிடைக்காது அண்ணே. கென்யாவில் உகாலி என்று வெள்ளை மக்காச்சோள மாவில் கிண்டுவார்கள், நம் கேழ்வரகுக் களி மாதிரியேதான் இருக்கும். கூட ஒரு கீரை. கையால்தான் சாப்பிடுவார்கள். களி சாப்பிட்டு வளர்ந்த நம் வட ஆற்காட்டுக்காரர்களுக்கு இரண்டே நாளில் பழகிவிடும். உங்களுக்காக ஒரு வீட்டில் கோழி அடித்தால் வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். தண்ணீர் மட்டும் கொதிக்க வைத்தது அல்லது மூடி உடைக்காத பாட்டில்.

சிஸ்டர், என் பொண்ணு கல்யாணமாகாதவள். எப்படி அனுப்புறது? (ஆற்காடு)

நீங்கள் கேட்பது நியாயம்தான். குழுவில் பொறுப்பான பெண் ஒருவர் வருகிறாரா, தங்குமிடம் எது, யாரோடு அறை, அங்கே யார் தொடர்பு, இன்ஷூரன்ஸ் யார் எடுக்கிறார்கள் என்று கேளுங்கள். ஐந்துக்கும் பதில் எழுத்தில் வரவில்லையென்றால் அனுப்பாதீர்கள். 'ஆண்டவர் பார்த்துக்கொள்வார்' என்று தலைவர் சொன்னால், பார்த்துக்கொள்வார், நீங்களும் பார்த்துச் செய்யுங்கள் என்று சொல்லுங்கள்.

அநாதை இல்லத்தில் பிள்ளைகளோடு ஒரு வாரம் இருக்க ஆசை.

இதை மறுபடி யோசியுங்கள். இப்படிப்பட்ட இல்லங்களில் பல பிள்ளைகளுக்கு அப்பாவோ அம்மாவோ உயிரோடு இருக்கிறார்கள். வறுமைதான் அங்கே கொண்டுவந்து விட்டிருக்கும். வாரத்துக்கு ஒரு புது அக்கா வந்து தூக்கிக் கொஞ்சிவிட்டு அழுதுகொண்டே விமானம் ஏறினால், மறுபடி மறுபடி விட்டுப்போகிற ஆட்களையே அந்தப் பிள்ளை பார்த்து வளரும். அங்கே தினமும் இருக்கும் வார்டனுக்குத் துணி துவைக்க, சமைக்க உதவுங்கள். பிள்ளைகள் முகம் தெரிகிற படத்தை ஸ்டேட்டஸில் போடாதீர்கள். உங்கள் பிள்ளையின் படத்தை முன்பின் தெரியாதவர் போட்டால் விடுவீர்களா?

ஜவ்வாது மலை பக்கத்திலேயே இருக்கும்போது எதற்கு ஆப்பிரிக்கா? (திருவண்ணாமலை)

சரியான கேள்வி. எங்கள் கமிட்டியில் நான் சொல்வதும் இதுதான். ஜமுனாமரத்தூர் பக்கம் கரண்டும் சிக்னலும் போய்ப் போய் வருகிற இடத்தில் ஒரு வாரம் தங்கி, மலைக்கார அண்ணன்மார் சொல்வதைக் கேட்டு நடக்கத் தெரிந்தவர்களைத்தான் வெளியே அனுப்ப வேண்டும். பாதிப் பேர் அங்கேயே பெயரை வாபஸ் வாங்கிவிடுவார்கள். மீதிப் பேரில் சிலர் மலைக்கே திரும்பத் திரும்பப் போகிறார்கள். அதுவும் லாபம்தான்.

மொழி தெரியாமல் எப்படிப் பிரசங்கம் செய்வது?

முதல் தடவை பிரசங்கமே வேண்டாம். கென்யாவில் வாழ்த்துச் சொல்லக் கூப்பிட்டால் சுவாஹிலி மொழியில் 'புவானா அசிஃபிவே' என்று ஆண்டவரை ஸ்தோத்திரித்துவிட்டு உட்காருங்கள், சபையே கை தட்டும். பேசியே ஆகவேண்டுமென்றால் மொழிபெயர்ப்பவரோடு முந்தின நாளே உட்கார்ந்து வசனங்களைக் கொடுத்துவிடுங்கள். இருபது நிமிடச் செய்தி நாற்பது நிமிடமாகும், அதனால் பாதியை வெட்டுங்கள்.

திரும்பி வந்து காய்ச்சல் அடித்தால்?

அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வந்து இரண்டு மாதம் ஆகியிருந்தாலும், மாத்திரை ஒழுங்காகப் போட்டிருந்தாலும் சரி. ஆப்பிரிக்காவில் அதிகம் இருப்பது ஃபால்சிபாரம் மலேரியா, ஓரிரு நாளில் உயிருக்கே ஆபத்தாகிவிடும். டாக்டர் கேட்கட்டும் என்று காத்திருக்காமல், எந்த நாடு, எந்தத் தேதி வரை இருந்தீர்கள் என்று நீங்களே முதலில் சொல்லி, மலேரியாவுக்கு ரத்தம் பார்க்கச் சொல்லுங்கள். முதல் சோதனையில் இல்லை என்று வந்து காய்ச்சல் விடாமல் இருந்தால், மறுபடியும் பார்க்கச் சொல்லுங்கள்.