கேள்வி – பதில்: அடையாற்றுக் கழிமுகத்தில் ஓர் ஈரநிலம்

கேள்வி: சென்னை தொல்காப்பியப் பூங்காவில் புல்வெளியும் நீரூற்றும் அமைக்காமல் ஏன் குட்டைகளாக வெட்டி வைத்திருக்கிறார்கள்? – மந்தைவெளி வாசகி

பதில்: பெயர்தான் பூங்கா, அங்கே நடந்தது ஈரநிலத்தை மீட்கும் வேலை. ராஜா அண்ணாமலைபுரத்தை ஒட்டிய அந்த 58 ஏக்கர் நிலம், அடையாற்றின் முகத்துவாரத்திலிருந்து உள்ளே வளைந்து வரும் உப்பங்கழியைச் சேர்ந்தது. பல ஆண்டுகளாகக் கட்டட இடிபாடுகளையும் குப்பையையும் கொட்டி மேடாக்கப்பட்டுக் கிடந்த அந்த இடம், சீரமைக்கப்பட்டு 2011 ஜனவரியில் திறந்துவைக்கப்பட்டது.

இத்தகைய பணி என்றாலே மரக்கன்று நடும் விழாதான் நம் நினைவுக்கு வருகிறது. உண்மையில் முதல் வேலை, கொட்டியதை அள்ளுவதும், தண்ணீர் வந்துபோகும் வழியைத் திறந்துவிடுவதும்தான். அதிலும் எவ்வளவு ஆழம் என்பதைவிட எத்தனை விதமான ஆழங்கள் என்பதே முக்கியம். தொட்டிபோல ஒரே ஆழத்தில் வெட்டிக் கரையில் கருங்கல் பதித்துவிட்டால், மூழ்கி மீன் பிடிக்கும் நீர்க்காகத்துக்கும் முக்குளிப்பானுக்கும் அது போதும். ஆனால் கணுக்கால் அளவுத் தண்ணீரில் அசையாமல் நிற்கும் மடையானுக்கும், ஈரச் சேற்றைக் கிளறி இரை தேடும் உள்ளானுக்கும் அங்கே நிற்கவே இடமிருக்காது. கரை மெல்லச் சரிந்து இறங்கினால், தண்ணீர் ஒரு சாண் வற்றினாலும் பெருகினாலும் ஏதாவது ஒரு பறவைக்கு ஏற்ற விளிம்பு எப்போதும் கிடைக்கும். நகரங்களில் ஆற்றங்கரை அழகுபடுத்தல் என்ற பெயரில் எழுப்பப்படும் நேர்ச்சுவர்கள், என் கணிப்பில், இந்த விளிம்பைத்தான் முதலில் அழிக்கின்றன.

உப்பங்கழியில் இன்னொரு கணக்கும் உண்டு. ஓதம் ஏறும்போது கடல்நீர் உள்ளே வர வேண்டும், வற்றும்போது வெளியேற வேண்டும். அலையாத்தி மரம் உப்புச் சேற்றில் பென்சில் நட்டதுபோல மூச்சுவேர்களை மேலே நீட்டிக் காற்றை வாங்கிக்கொள்கிறது. வடியாத தண்ணீர் அவ்வேர்களை வாரக்கணக்கில் மூடிவிட்டால் மரம் மூச்சுமுட்டிப் பட்டுப்போகும். வேர்களுக்கிடையே உற்றுப் பார்த்தால் சிறுசிறு வளைகளும், அவற்றின் வாயில் ஒரு கொடுக்கு மட்டும் பெருத்த நண்டுகளும் தெரியும். காலடி அதிர்வு பட்டதும் அத்தனையும் உள்ளே போய்விடும். அடையாற்றின் முகத்துவாரத்தையோ கடலலை கொண்டுவரும் மணல் அடிக்கடி அடைத்துவிடுகிறது. ஆற்றில் தண்ணீர் குறைந்த மாதங்களில் அதைத் தானாக உடைக்க ஆற்றுக்கு வலுவில்லாததால், அந்த மணலை அகற்றுவதும் ஈரநிலப் பராமரிப்பில் சேர்ந்ததே.

கேள்வி: ஊருக்கு நடுவில் குட்டை வெட்டினால் கொசுதானே பெருகும்? – சைதாப்பேட்டை வாசகர்

பதில்: எந்தக் கொசு என்று பார்க்க வேண்டும். மாலையில் மொய்க்கும் கியூலெக்ஸ் கொசு, சாக்கடை கலந்து தேங்கிய நீரில் பெருகுவது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் நம் வீட்டுத் தொட்டியிலும் பழைய டயரிலும் தேங்கும் நல்ல தண்ணீரில் முட்டையிடுகிறது. மீனும் தட்டான் பூச்சியின் இளம்புழுக்களும் வாழ்கிற நீரில், கொசுப்புழு பெரும்பாலும் அவற்றுக்கு இரையாகிவிடும். ஆகவே குட்டையை மூடுவதற்குப் பதில் அதில் சேரும் கழிவுநீரைத் தடுப்பதே சரியான வழி. அதைத் தடுக்காமல் ஈரநிலம் அமைத்தால் உங்கள் அச்சம் நியாயமானதாகிவிடும்.

கேள்வி: மக்கள் வரிப்பணத்தில் உருவான இடத்தில் மக்களுக்கே கட்டுப்பாடு ஏன்? – அடையாறு வாசகர்

பதில்: திறந்த தொடக்க ஆண்டுகளில் முன்பதிவு செய்துகொண்டு, வழிகாட்டியுடன் குழுவாகத்தான் செல்ல முடிந்தது, பள்ளி மாணவர்களுக்கே முன்னுரிமை. அப்போது அது பொருத்தமான முடிவுதான், ஏனெனில் கூடு கட்டும் இடத்தைச் சுற்றி ஓயாத நடமாட்டம் இருந்தால் பறவை அதைக் கைவிட்டுவிடும். ஆனால் நிரந்தரமாகப் பூட்டி வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. லண்டன் பார்ன்ஸ் பகுதியில், தேம்ஸ் ஆற்றங்கரையில் பயன்பாடு முடிந்த நான்கு குடிநீர்த் தேக்கங்களை ஈரநிலமாக மாற்றி 2000-ஆம் ஆண்டில் திறந்தார்கள். அங்கே மக்கள் நடக்கும் பகுதி வேறு, பறவைகளுக்கே விட்ட பகுதி வேறு. இரண்டுக்கும் நடுவே தண்ணீரும் நாணலும், மறைந்திருந்து பார்க்கச் சிறு குடில்களும் உண்டு. அடையாற்றிலும் இது முடியாத காரியமன்று.

கேள்வி: இத்தகைய ஈரநிலங்கள் இருந்திருந்தால் 2015 வெள்ளத்தைத் தடுத்திருக்கலாமா? – ஜாபர்கான்பேட்டை வாசகி

பதில்: இயலாது. அந்த டிசம்பர் தொடக்கத்தில் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து மட்டும் வினாடிக்கு ஏறத்தாழ 29,000 கன அடி நீர் வெளியேற்றப்பட்டது. 58 ஏக்கர் குட்டைகள் அதற்கு எம்மாத்திரம்? சாதாரண மழையில் தெருவிலிருந்து வடியும் நீரைச் சற்று நேரம் தாங்கி நிறுத்த அவை உதவும். பெருவெள்ளத்தைக் குறைக்க வேண்டுமானால் மேல்பகுதியில், ஆதனூர் தொடங்கி ஆற்றோடு தொடர்புள்ள ஏரிகளின் கொள்ளளவையும், ஆற்றின் இரு கரையிலும் வெள்ளம் பரவ இடமிருந்த புறம்போக்கு நிலங்களையும் மீட்டாக வேண்டும்.